மூன்று பெட்டிகளும் ஏழாவது விதியும்

திரையில் மூன்று கோடுகள் வந்து நின்றன. முதல் கோடு ஒன்று என்ற எண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஓடியது. மூன்றாவது கொஞ்சம் மேலே. இரண்டாவது கோடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி சரியாக ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. மூன்றிலுமே கடைசிப் புள்ளி மட்டும் வரிசையை விட்டு எழுந்து நின்றது. நான் கையால் திரையை மறைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில், பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, சாத்திய அறைக்குள், பச்சைக் குழந்தை மாதிரி திரையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தி என்ன புண்ணியம், பார்த்தது பார்த்ததுதான்.

என்ன பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பதறியது புரியாது. பதினோரு வருஷமாக எங்கள் குழு ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. எட்டுக் கோடி விண்மீன் மண்டலங்களைப் படமெடுத்து ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளந்து வைத்திருக்கிறோம். தொலைவிலிருந்து வரும் வெளிச்சம் வழியில் கிடக்கும் பொருளின் ஈர்ப்பில் லேசாக வளைந்துதான் நம்மிடம் வந்து சேருகிறது. என் வீட்டு மாடிப்படி ஜன்னலில் நூறு வருஷத்துப் பழைய கண்ணாடி இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் எதிர்வீட்டுச் செங்கல் வரிசை கொஞ்சம் நெளியும். அந்த நெளிவை அளந்தால் கண்ணாடி எங்கே தடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். நாங்கள் வானத்தில் அதைத்தான் செய்கிறோம். எந்தக் காலத்தில் பொருள் எவ்வளவு திரண்டிருந்தது என்று தெரிந்தால், பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் இருண்ட ஆற்றல் என்றைக்கும் மாறாததா, இல்லை நாளாக ஆகத் தளர்ந்து வருகிறதா என்று கேட்கலாம். மாறாதது என்பது பழைய கொள்கை. அந்தக் கொள்கையில் கூடுதலாக ஒரு திருகைப் பூட்டித் திருகிப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. வெடித்த நட்சத்திரங்களை அளந்தவர்கள், பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து ஒளியை அளந்தவர்கள், இவர்கள் தந்த எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகுவோம்.

மனுஷ மனசு இருக்கிறதே, அது சுத்த ஃபிராடு. பிடிக்காத விடை வந்தால் பிழை தேடும். பிடித்த விடை வந்ததும் தேடுவதை நிறுத்திவிடும். பொய் சொல்லவே வேண்டாம், எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே எல்லாப் பொய்யும் வந்துவிடுகிறது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அளந்த வடிவப் பட்டியலை மூன்று பிரதிகளாக்கி விடுவோம். ஒன்று உண்மை. மற்ற இரண்டிலும் நெளிவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒரு வெளியாள் வைத்திருப்பார். எது உண்மை என்பது ஹாலிஃபாக்ஸில் இருக்கும் ஃபெர்கஸ் மக்கே என்ற ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் எங்கள் குழுவில் இல்லை, அதற்காகத்தான் அவர். மூன்றையும் நாங்கள் பெட்டி என்போம். மூன்றுக்கும் முழுக் கணக்கையும் போட்டு, கட்டுரையை எழுதி முடித்து, இனி ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபெர்கஸ் வாயைத் திறப்பார்.

மூன்று பெட்டிகளும் மூன்று பிரபஞ்சங்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. முதல் பெட்டியில் பழைய கொள்கை கல்லுமாதிரி நின்றது. இரண்டாவதில் இருண்ட ஆற்றல் தளர்ந்துகொண்டு வந்தது. அது வெறும் தற்செயலாக இருக்க இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். மூன்றாவதில் எந்தக் கொள்கையும் ஒட்டவில்லை, ஒரே குப்பை. எல்லோரும் வெளியில் "எதுவா இருந்தாலும் சரி" என்போம். உள்ளுக்குள் ஒவ்வொருவனும் இரண்டாவது பெட்டிக்கு நேர்ந்துகொண்டிருந்தான். நானும்தான். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. நோரீன் ஹ்ருஸ்கா. பதினோரு வருஷமாக வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலையில் இருந்துவிட்டு, ஜூன் மாதம் வெளியே போகப்போகிறவளுக்கு அந்த முதல் பெயர் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று காலை எனக்கு ஒரு சந்தேகம். எட்டுக் கோடியை நாங்கள் தொலைவு வாரியாக நான்கு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். நான்காவது அடுக்கு, கடைசியில் இருப்பது, கொஞ்சம் அதிகமாக நெளிவதாக எனக்குப் பட்டது. விண்வெளியிலிருந்து எடுத்த பழைய படங்கள் ஒரு சின்னத் துண்டு வானத்துக்கு உண்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதோடு ஒப்பிட்டேன். ஒப்பிடும்போது நான்காம் அடுக்கை முதல் அடுக்கால் வகுத்துவிட வேண்டும். வகுத்துவிட்டால் பெட்டியில் கூட்டிக் குறைத்து மறைத்து வைத்தது கணக்கில் அடிபட்டுப் போகும், பிழை மட்டும் தெரியும். அந்த வகுக்கும் வரியை எழுத மறந்தேன். ஒரே ஒரு வரி. ஆறு வருஷப் பழக்கத்தில் என் கணினி நிரல் மூன்று பெட்டியையும் வரிசையாக ஓட்டி, மூன்று கோட்டையும் கொண்டுவந்து காட்டிவிட்டது. உண்மைப் படத்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துவது எதுவோ அதுதான் உண்மைப் பெட்டி. இரண்டாவது.

ஆக, ஒரே படத்தில் இரண்டு செய்தி. எங்கள் கனவுப் பெட்டிதான் நிஜம். எழுந்து நின்ற கடைசிப் புள்ளியில், அதாவது நான்காம் அடுக்கில், ஒரு பிழை இருக்கிறது. பிழை எங்கே என்று தேட எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் அதை வைத்ததே நான். படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டை மண்டலங்களைக் கருவி ஒன்றாக எண்ணிவிடும். அதற்கு ஒரு திருத்தம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் அதை ஓர் இடத்தில் போட்டேன். பிறகு நிரலைத் துப்புரவு செய்கிறேன் பேர்வழி என்று இன்னொரு இடத்தில் போட்டேன். பழையதை எடுக்கவில்லை. நான்காம் அடுக்குக்கு மட்டும் திருத்தம் இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தது. சரி செய்தால் இரண்டாவது பெட்டியின் கதை என்ன ஆகும் என்று மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இருபதாயிரத்தில் ஒன்று என்பது நூற்றில் ஒன்றாகிவிடும். நூற்றில் ஒன்றெல்லாம் எங்கள் தொழிலில் தினம் வந்து தினம் போகும்.

நான் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி அழுதேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பெரிய மகான் என்று நினைத்துவிடுவீர்கள்.

வெண்டல் யோடர் எங்கள் குழுத் தலைவன். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருந்தும் இந்த ஊர்க்காரன் ஆகாதவன். நான் போனபோது மேசையில் தாளை விரித்துத் தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் முழங்கால் அளவு பனி கொட்டியிருந்தது.

"வா. தெருவுல நாற்காலியைப் போட்டுட்டுத்தானே வந்திருக்கே?" என்றான். எங்கள் ஊரில் பனியை வாரி வண்டி நிறுத்த இடம் பண்ணினவர்கள், வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவோம். வேறு யாரும் நிறுத்த மாட்டார்கள். இது வெண்டலுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு வேடிக்கை. "பொது ரோடு நோரீன். ஒடஞ்ச நாற்காலிக்கு எந்தச் சட்டத்துலயும் மதிப்பு கிடையாது. ஒரு நாள் நானே வந்து எடுத்துப் போடப் போறேன்."

"எடுத்துப் பாரு, முழுசா வீடு போய்ச் சேர மாட்டே. வெண்டல், நான் பெட்டியைப் பார்த்துட்டேன்."

கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். எப்படி என்று சொன்னேன். எது என்று சொல்லவில்லை. பிழை இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான். "வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொன்னது என் காதுல விழல." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "பாரு, திறக்கறதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நீ பாட்டுக்கு உன் எதிர் அறை அடேலாகிட்ட போய், நாலாவது அடுக்கையோ எதையோ, எனக்குத் தெரிய வேண்டாம், இன்னொரு வாட்டி பாரேன்னு சும்மா காதுல போட்டு வை. அவ கண்டுபிடிச்சதா இருக்கட்டும். நீ பார்த்த கதையை மட்டும் மறந்துடு. உன் பேர் முதல்ல இருக்கு. இருக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். என்மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொன்னான். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்த மறைவுக்கான விதிகளை எழுதியவள் நான். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டி எழுதினேன். ஏழாவது விதி: தெரிந்தோ தெரியாமலோ விடையைப் பார்த்தவர் அடுத்த கூட்டத்திலேயே குழுவிடம் சொல்ல வேண்டும், அதன்பின் எந்த மாற்றத்தையும் முன்மொழியக் கூடாது, திறக்கும்வரை விவாதங்களில் உட்காரக் கூடாது, ஆசிரியர் வரிசையிலிருந்து பெயர் நீங்கும். அந்தக் கடைசித் துண்டு ரொம்பக் கடுமை என்று அப்போதே எல்லோரும் சொன்னார்கள். கடுமையாக இருந்தால்தான் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று மேசையைத் தட்டினேன். சொந்தக் கையால் வெட்டின குழி, நல்ல ஆழமாக வெட்டியிருந்தேன்.

"அடேலா காதுல போட்டா அவ கண்டுபிடிச்சதா ஆகாது. நான் பார்த்துட்டுச் சொன்னதாத்தான் ஆகும்," என்றேன்.

"அது உனக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்."

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதாதா?"

"நோரீன், பதினோரு வருஷம்."

"எனக்கு எண்ணத் தெரியும் வெண்டல். என்னைக்காவது ஒருத்தன் இந்தப் பட்டியலை எடுத்து வெச்சுக்கிட்டு, இவங்க எப்படி கரெக்டா திறக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு பிழையைப் பிடிச்சாங்கன்னு கேப்பான். கேக்கணும். நானா இருந்தா கேப்பேன்."

அவன் சூப்பைத் தள்ளி வைத்தான். "உனக்கு ஒரு நல்லது பண்ணவும் விடமாட்டே."

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொன்னேன். சுவரை ஒட்டியும் திரையிலுமாக இருபத்து மூன்று முகங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிழை எங்கே என்று சொல்லச் சொன்னார்கள் சிலர். கூடாது என்றான் வெண்டல். முந்தாநாள் என்னைக் காப்பாற்றப் பார்த்தவன், இப்போது என் விதித்தாளை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினான். விடை தெரிந்தவள் ஓர் இடத்தைக் காட்டி அங்கே தோண்டு என்றால், தோண்டுவது யாராக இருந்தாலும் தோண்டுவது அவள்தான். அதுவும் சரிதான். ஓட்டுப் போட்டார்கள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம் என்று முடிவாயிற்று.

"அளவீட்டு நிரல்ல ஒரு பிழை இருக்கு. என் தப்பு," என்றேன்.

அடேலா கின்டெரோ முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் கிடைத்தால் திருத்துவது. கிடைக்காவிட்டால் இருப்பது இருக்கிறபடியே திறப்பது, வெளியிடுவது. நான் என் காபிக் குவளையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த மூன்று வாரம் என் எதிரிக்குக்கூட வர வேண்டாம். எண்பதாயிரம் வரி நிரல். அதில் நான் இரண்டு தடவை எழுதிய ஒரே ஒரு வரி. அடேலா என் அறைக்கு எதிர் அறை. தெற்குப் பாலைவனத்து எல் பாசோ ஊர்க்காரி, முப்பத்தோரு வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். அந்த மூன்று வாரம் என்னிடம் வானிலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. மைக்ரோவேவ் பக்கத்தில் நிற்பாள். நானும் நிற்பேன். "இன்னைக்கும் பனியாம்," என்பாள். "ஆமாம்," என்பேன். அவள் திரை எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மேசையைத் திருப்பிப் போட்டிருந்தாள். என் முகத்தையும் பார்ப்பதில்லை. இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், வெளியே போகிற வழியில், அவள் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்த பட்டியல் என் கண்ணில் பட்டது. சரிபார்த்து முடித்தவற்றை அடித்துக்கொண்டே வந்திருந்தாள். இரட்டை மண்டலத் திருத்தம் அடிபட்டுக் கிடந்தது. பார்த்துவிட்டு, சரி என்று அடித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். முதல் இடத்தில் பார்த்திருக்கிறாள், இரண்டாவது இடத்தில் பார்க்கவில்லை.

நான் நடைவழியில் நின்றேன். ஒரு இருமல் போதும். அந்தப் பட்டியலைப் பார்த்தபடி இன்னும் இரண்டு விநாடி நின்றால்கூடப் போதும், அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள். தப்பான பிரபஞ்சம் ஒன்று என் பிழையோடு உலகத்துக்குப் போகப் போகிறது, நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நிற்கிறேன். எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, வெண்டல்மேல் இல்லை, எட்டு வருஷத்துக்கு முன் மேசையைத் தட்டின அந்த நோரீன்மேல். ஆனாலும் அவள் சொன்னதில் தப்பு என்ன என்று எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து, மாடிப்படி இறங்கி, கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்ப் பனியில் நின்றேன். வெள்ளிக்கிழமை. எதிர்ச் சர்ச்சில் தவக்காலத்து மீன் பொரிக்கும் வாசனை தெருவெல்லாம் அடித்தது. வரிசையில் நின்று ஒரு மீன் ரொட்டி வாங்கி, கைவிரல் மரத்துப் போக, நின்றபடியே தின்றேன்.

பதினாறாவது நாள் காலை அடேலா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தலைமுடி வாரியிருக்கவில்லை.

"ரெண்டு தடவை போட்டிருக்கீங்க," என்றாள். "ஆறு வருஷமா. ஒரே திருத்தத்தை. ரெண்டு தடவை."

ஆமாம் என்றுகூட நான் சொல்லக் கூடாது.

"நான் ஒரு வாட்டி பார்த்து அடிச்சிட்டேன். அப்புறம் நேத்து, குளிச்சிட்டிருக்கும்போது, நோரீன் எதையும் ஒரே இடத்துல வெக்க மாட்டாங்களே, சாவியே மூணு இடத்துல வெச்சிருப்பாங்களேன்னு தோணுச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க அன்னைக்கு என் பலகையைப் பார்த்தீங்க. பார்த்துட்டுப் போனீங்க. நான் உங்க முதுகைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"இன்னைக்கும் பனியாம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து என்னைக் கட்டிக்கொண்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

திருத்திவிட்டு மூன்று பெட்டிகளையும் மறுபடி ஓட்டினார்கள். மூன்றிலும் விடை மாறியது. முதல் பெட்டியில் பழைய கொள்கை லேசாகக் கோணியது. இரண்டாவது பெட்டியின் வாணவேடிக்கை புஸ்ஸென்று போய் நூற்றில் ஒன்றில் வந்து நின்றது. மூன்றாவது பெட்டி, அத்தனை நாள் குப்பையாகக் கிடந்தது, ஒரே அடியாக ஒழுங்குக்கு வந்தது. இருண்ட ஆற்றல் தளர்கிறது, இருபதாயிரத்தில் ஒன்று, மற்றவர்களின் எண்களோடும் அழகாகப் பொருந்துகிறது. இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது, அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ புரண்டிருக்கிறது என்று மட்டும் நடைவழியில் ஆட்கள் என்னைப் பார்க்கும் விதம் மாறியதில் தெரிந்தது.

வெண்டல் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னைப் பிடித்தான். நான் முன்கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"மூணாவது பெட்டி," என்றான்.

சுரண்டினேன்.

"நீ எதைப் பார்த்தேன்னு எனக்குத் தெரியும். திறந்திருந்தா குப்பை. பதினோரு வருஷமும் போச்சு. இப்ப திடீர்னு ஒரு பிழை வருது, குப்பை தங்கமாகுது. ஜூன்ல நீ வெளிய போறே, கையில ஒரு தங்கக்கட்டியோட போறே. பேர் இல்லாட்டி என்ன, எல்லாருக்கும் தெரியுமே, யார் கண்டுபிடிச்சதுன்னு." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "பிழை நிஜந்தான், அடேலா காட்டினா. ஆனா பெட்டி வேறயா இருந்திருந்தா நீ அதைத் தேடியிருப்பியா? அதை மட்டும் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

நான் சுரண்டியை நிறுத்தினேன். நாக்கு நுனியில் இருந்தது. இரண்டாவதுடா மடையா. தங்கத்தை எடுத்துச் சாக்கடையில் போட்டிருக்கிறேன், என் தங்கத்தை. ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னால் அவனும் பார்த்தவன் ஆகிவிடுவான். ஒன்றுமே சொல்லாமல் முறைத்தால்கூட, இல்லை என்று தலையாட்டினால்கூட, மூன்றில் ஒன்று கழிந்துவிடும். முகத்தில் ஒரு சதைகூட அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான், எட்டுக் கோடியை அளந்ததெல்லாம் அப்புறம்.

"நீ என்ன வேணா நினைச்சுக்கோ," என்றேன். "உனக்கு நான் பதில் சொல்றதா இல்ல. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. காத்திரு."

"திமிர் போகலையே உனக்கு."

"அதையும் எடுத்துக்கிட்டா என்கிட்ட என்னதான் மிச்சம் இருக்கும்?"

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் என் நாற்காலி போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வண்டியை நிறுத்தி, உள்ளே போகாமல் அதிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையை அசைத்தார். நான் அசைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் மூன்று விதமாக மாறிமாறிக் கோபம் வந்தது. அவன் அப்படி நினைத்துவிட்டானே என்று ஒரு தடவை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் வெறும் கோபம்.

திறக்கும் நாள் திங்கட்கிழமை, பகல் இரண்டு மணி. கூட்ட அறைக்கு நடைவழிப் பக்கம் கண்ணாடிச் சுவர். உள்ளே யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள், அதன்மேல் கேள்விக்குறி போட்டிருந்தது. விதிப்படி நான் வெளியே. வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் போக வேண்டும்? விதியில் அறைக்கு வெளியே என்றுதான் இருக்கிறது, கட்டடத்துக்கு வெளியே என்று இல்லை, எழுதியவளுக்குத் தெரியாதா? நடைவழியில், வெந்நீர்க் குழாய் ஓடும் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாற்காலிகளெல்லாம் உள்ளே.

ஃபெர்கஸ் ஒலிபெருக்கியில் வந்தார். கண்ணாடி வழியாக அவர் குரல் வெறும் முனகலாகத்தான் கேட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்களுக்கு எண் தெரியப் போகிறது. எனக்கு எண் தெரியும், இவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. வெண்டல் முன்வரிசையில் முழங்கையை முட்டியில் ஊன்றி, வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எது உண்மைப் பெட்டி என்று ஃபெர்கஸ் அனுப்பிய ஆவணத்தை அடேலா திறந்தாள். அவள் உதடு அசைந்தது.

இரண்டு.

முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். இரண்டாவது பெட்டி, அதாவது நூற்றில் ஒன்று. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னும் பத்து வருஷம் யாராவது அளக்க வேண்டும். பிறகு கணக்கு அவர்களுக்குள் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தேன். திருத்துவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று ஞாபகம் வந்தது. அப்போது அதில் யார் பெயர் முதலில் இருந்தது என்று ஞாபகம் வந்தது. முதலில் அடேலா திரும்பி என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பின்வரிசையில் இருவர். அப்புறம் எல்லோருமே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அதை மூன்று வாரம் முன்பே அழுது தீர்த்திருந்தேன்.

வெண்டல் மட்டும் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துப் பின்புறம் சிவந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான், கால் மரத்துப்போனவன் மாதிரி. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினான். இரண்டு வரிசைக்கு நடுவே, ஆட்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட, அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துவந்து, தோளால் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி நட்டநடு வாசலில் அதை வைத்தான். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

உள்ளே அப்போது நாற்காலிக்குத் தட்டுப்பாடு. நாலைந்து பேர் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வாசல் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, எங்கள் தெருவில் பனி வாரின இடத்து நாற்காலி மாதிரி அது காலியாகவே கிடந்தது. நான் உடனே போகவில்லை. கேக்கை யாரோ வெட்டத் தொடங்கினார்கள். அடேலா ஒரு துண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி வந்து, அந்த நாற்காலியை உரசாமல் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.